சின்ன உயிருக்குச் சின்ன ஊசி

காலையில் ஊசி போட்டால் பூந்தி நன்றாக இருக்கிறது. மாலையில் போட்டால் நடுங்குகிறது.

ஒரே மருந்து. ஒரே அளவு. ஒரே பூனை. பிறகு ஏன்?

சுதர்சனா ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தும் விடை மட்டும் தப்பாக வந்தால், சரி என்று நீங்கள் திரும்பிப் பார்க்காமல் விட்ட வரியைத் தேடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் அவள். வீட்டுக் கணக்கில் அந்த வரி எது என்றுதான் தெரியவில்லை.

பூந்தி அவள் கணவன் அருகனின் பூனை. செஞ்சிக் கோட்டை மதில் ஓரம் கிடந்த மஞ்சள் குட்டியைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தவன், இப்போது புனேயில் வேலை பார்க்கிறான். பூனையை மனைவியிடமும் அம்மாவிடமும் விட்டுப் போயிருக்கிறான். தயிர்ச் சோறும் பிஸ்கட்டுமாக வளர்ந்த பூந்திக்குக் கார்த்திகையில் சர்க்கரை நோய் வந்தது. "சக்கர வியாதிக்காரனுக்கு வெச்ச பேரப் பாரு" என்று மாமனார் ஜினசேனன் சிரித்தார். அவருக்கும் அதே நோய்தான், பல வருடமாக.

அரையாண்டு விடுமுறையில் இரு வேளையும் சுதர்சனாவே ஊசி போட்டாள். பூனை தேறியது. தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்வது குறைந்தது, மதில் மேல் மறுபடி ஏறியது. பள்ளி திறந்ததும் மாலை ஊசி மாமியார் அனந்தமதியின் கைக்குப் போனது. அதிலிருந்துதான் நடுக்கம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பின்னங்கால்கள் துவளும். கண் எங்கோ நிலைக்கும். போன ஞாயிற்றுக்கிழமை மதிலிலிருந்து உருண்டே விழுந்தது.

அன்றைக்குத்தான் சுதர்சனா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

அது சமண வீடு. பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது, யாரும் வாயில் எதுவும் வைப்பதில்லை. இரவில் பூச்சி புழு கண்ணுக்குத் தெரியாது, தெரியாமல்கூட ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்பது வழக்கம். எறும்பு வரும் என்று பூனையின் கிண்ணத்தையும் அனந்தமதி இருட்டுமுன் எடுத்துக் கழுவிவிடுவாள். இன்சுலின் உள்ளே போனபின் வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். பசிதான் காரணம் என்று சுதர்சனா முடிவு கட்டினாள்.

"உங்க நோன்பு உங்களோட இருக்கட்டும் அத்தை. அத ஏன் அதும்மேல ஏத்துறீங்க?"

அனந்தமதி அன்றிலிருந்து கிண்ணத்தை எடுப்பதை விட்டுவிட்டாள். இரவு முழுக்கக் கிண்ணத்தில் தீனி இருந்தது. பூந்தியும் தின்றது. ஆனாலும் நடுங்கியது.

ஆக, பசி இல்லை. மாமியார் மேல் எறிந்த பழி கீழே விழுந்து கிடந்தது. அதைக் குனிந்து எடுக்க சுதர்சனாவுக்கு இன்னும் மனம் வரவில்லை.

கடைசி வகுப்பு முடிந்ததும் அவள் ஆசிரியர் அறையிலிருந்து திண்டிவனத்துக்குப் போன் செய்தாள். கால்நடை மருத்துவர் ரஞ்சனி பொறுமையாகக் கேட்பவர். நடுக்கம் எப்போது வருகிறது, யார் ஊசி போடுவது, மருந்து எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

"சாயந்தரம் எந்த சிரிஞ்சுல போடுறாங்க?"

"நீங்க குடுத்ததுலதான் டாக்டர்."

"நீங்க பாத்தீங்களா?"

சுதர்சனா பார்த்ததில்லை. அவள் வீடு சேரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். போட்ட ஊசி எண்ணெய் வாங்கின பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போயிருக்கும்.

வீட்டில் வேறு யாராவது இன்சுலின் போட்டுக்கொள்கிறார்களா என்று மருத்துவர் கேட்டார். மாமனார் என்றாள். அவருடைய ஊசிக்கு மூடி என்ன நிறம்?

தினமும் கண்ணில் படுகிற பொருள்தான். கேட்டதும் நினைவுக்கு வரவில்லை. பிறகு வந்தது. சிவப்பு.

மருத்துவரின் குரல் மாறியது. "இன்னிக்கு சாயந்தர ஊசிய நிறுத்துங்க. காரணம் அப்பறம் சொல்றேன். மொதல்ல வீட்டுக்குப் போன் போட்டு நிறுத்துங்க."

மாமியாரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மாமனாரின் போனும் அப்படியே. இருவரும் போனைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பொழுது சாயுமுன் சமையல், குளியல், சாப்பாடு எல்லாம் முடிய வேண்டும். அந்த வீட்டில் அவசரம் என்றால் அந்த ஒரு நேரம்தான்.

பள்ளி இருக்கும் அவலூர்பேட்டையில் அவள் ஏறிய செஞ்சி பஸ் பாதி வழியில் நின்றது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அச்சு முறிந்து சாலையை அடைத்துக் கிடந்தது. ஆட்கள் இறங்கிக் கட்டுக் கட்டாகக் கரும்பை ஓரத்தில் இறக்கினார்கள். யாரோ ஒரு துண்டை உடைத்து ஜன்னல் வழியே அவளிடம்கூட நீட்டினார்கள். அவள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். செஞ்சியில் சூரியன் தரையில் இறங்கிக் கண்டவர் இல்லை. அது கோட்டை மலையான ராஜகிரிக்குப் பின்னால் போனாலே பொழுது போனதாகக் கணக்கு. அந்த மலையைத் தொடச் சூரியனுக்கு இன்னும் கையகலம் இருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

மறுபடியும் போன் செய்தாள். எடுக்கவில்லை.

*

அனந்தமதி பித்தளைத் தட்டைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள்.

தட்டில் இரண்டு சின்னக் குப்பிகள். ஒன்றில் மருந்து பால் போல வெளுத்திருக்கும், அது கணவருக்கு. இன்னொன்றில் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும், அது பூனைக்கு. குப்பி மாறிவிடக் கூடாது என்று அவள் நடுங்குகிற நடுக்கம் பூனையின் நடுக்கத்துக்குக் குறைந்ததில்லை. ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பார்த்ததை மறுபடியும் பார்ப்பாள்.

மருமகளின் சொல் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டுகிறவள், அடுப்படியில் எறும்பு ஊர்ந்தால் அது போகும்வரை காத்திருப்பவள், அவள் கை பட்ட பிறகுதான் இந்த வாயில்லா ஜீவன் துவண்டு விழுகிறது. காலையில் சுதர்சனா போட்டால் விழுவதில்லை. என் கையில் என்ன இருக்கிறது?

போட மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. போடாவிட்டாலும் செத்துப்போகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

தன்னால் முடிந்த ஒன்றை மட்டும் அவள் செய்துவந்தாள். பூனைக்கென்று வந்த ஊசியின் முனை நீளமாக இருந்தது. கணவரின் பெட்டியில் இருக்கும் ஊசியின் முனை அதைவிடக் குட்டை. அவ்வளவு பெரிய உடம்புக்குக் குட்டை ஊசி, இத்தனை சின்ன உடம்புக்கு நீள ஊசியா? முதல் நாளே அவளுக்கு மனம் கேட்கவில்லை. கணவரின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பூந்திக்கு வைத்துக்கொண்டாள். அது முனகாமல் போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அப்படித்தான்.

சிவப்பு மூடியைக் கழற்றினாள். தெளிந்த மருந்தை இரண்டாவது கோடு வரைக்கும் இழுத்தாள். வெளிச்சத்தில் பார்த்தாள். சரியாக இரண்டு.

பூந்தியின் கிண்ணத்தை இடுக்கியால் பிடித்து அருகே வைத்தாள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அந்தத் தீனியில் மாமிசம் கலந்திருக்கிறது. அவள் கையால் தொடுவதில்லை, அதற்காகப் பட்டினி போடுவதும் இல்லை. பூனை குனிந்து தின்றது. அவள் அதன் முதுகுத் தோலை மெதுவாகத் தூக்கிப் பிடித்தாள்.

வாசல் கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது.

"அத்தை, போடாதீங்க."

அனந்தமதி திரும்பினாள். கையிலிருந்த ஊசி காலியாக இருந்தது.

*

சுதர்சனா தட்டில் கிடந்த சிவப்பு மூடியை எடுத்துப் பார்த்தாள். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த பயத்தைக் கண்டதும் வாய்வரை வந்த கோபம் திரும்பிப் போய்விட்டது.

"இன்னாம்மா ஆச்சு? நான் இன்னா பண்ணிட்டேன்?"

அதற்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. மருத்துவரை மறுபடி கூப்பிட்டு, அவர் போனில் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தாள். தெருமுனை ஆட்டோக்காரர் காமராஜைக் கூப்பிட்டு வாசலில் நிற்கச் சொன்னாள். பூனை நடக்கிற நிலையில் இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் தின்ன வைத்தாள். துவண்டால் ஈறில் தேன் தடவுங்கள் என்றார் மருத்துவர். தேன் இல்லை என்றாள். கடையில் வாங்கலாமே என்றவருக்கு, தேனீக்களின் உயிரைக் கருதி இந்த வீட்டில் தேனுக்கு இடமில்லை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. சர்க்கரையைக் கெட்டியாகத் தண்ணீரில் கரைத்தாலும் போதும் என்றார். வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், விரலால் ஈறில் தேய்க்க வேண்டும்.

மலையின் நிழல் தெருவைத் தாண்டி வீட்டுச் சுவரில் ஏறியது. ஜினசேனன் சாப்பிடாமலே கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று பேரும் ஒரு மஞ்சள் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம்வரை ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இந்த மருந்தின் குணம் என்பது சுதர்சனாவுக்குத் தெரியும். உடனே ஓடாது, மெல்ல மெல்ல இறங்கும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தப்பித்தோம் என்று மூச்சு விடுகிற நேரத்தில்தான் வேலையைக் காட்டும்.

பூந்தி எழுந்தது. ஓர் அடி வைத்தது. பின்னங்கால் வழுக்கியது போல் மடங்க, பக்கவாட்டில் சரிந்தது. தலை ஆடியது. அதன் கண் அனந்தமதியைத்தான் பார்த்தது, ஆனால் பார்த்ததாகத் தெரியவில்லை.

சுதர்சனாவின் கை கரைத்து வைத்த சர்க்கரைக் கிண்ணத்தைத் தேடுவதற்குள் அனந்தமதி விரலை அதில் தோய்த்துவிட்டாள். பூனையின் உதட்டை ஒதுக்கி ஈறில் தேய்த்தாள். மறுபடி தோய்த்தாள், மறுபடி தேய்த்தாள். இருட்டிய பிறகு அந்த வீட்டில் அவள் கையால் ஒரு வாய்க்குள் உணவு போவது அதுதான் முதல் தடவை. அவள் உதடு மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. விரல் நிற்கவில்லை.

வாசலில் ஆட்டோ ஓடிக்கொண்டே நின்றது.

எவ்வளவு நேரம் ஆனதென்று யாரும் பார்க்கவில்லை. முதலில் நாக்கு அசைந்தது. தானாக விரலை நக்கியது. பிறகு காது திரும்பியது. கடைசியில் பூந்தி தலையைத் தூக்கி, தன் கிண்ணம் எங்கே என்பது போல் பார்த்தது. இடுக்கி அடுப்படியில் இருந்தது. அனந்தமதி அதை எடுக்க எழவில்லை. கிண்ணத்தை வெறுங்கையால் இழுத்து அதன் முன் வைத்தாள்.

சுதர்சனா மருத்துவருக்குச் சொன்னாள். காலை ஊசி வேண்டாம், பூனையைக் கொண்டுவாருங்கள், அதுவரை இடையிடையே தின்னக் கொடுங்கள், மறுபடி சரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்பி வாருங்கள் என்று பதில் வந்தது. காமராஜ் ஆட்டோவை அணைத்துவிட்டு, கூப்பிட்டால் வருகிறேன் என்று வீட்டுக்குப் போனார்.

அப்போதுதான் அனந்தமதி கேட்டாள்.

"ரெண்டு கோடுதானேம்மா இழுத்தேன். நீயும் ரெண்டு, நானும் ரெண்டு. ஊசின்னா ஊசிதானே?"

"எதுக்கு அத்தை இத எடுத்தீங்க?"

"சின்ன உசுருக்குச் சின்ன ஊசின்னு எடுத்தேன்மா. வலிக்கக் கூடாதுன்னு."

சுதர்சனா எழுந்து போய்ப் புதிதாக இரண்டு ஊசிகளைக் கொண்டுவந்தாள். ஒன்று சிவப்பு மூடி, ஒன்று ஆரஞ்சு மூடி. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டிலும் தண்ணீரை இரண்டாவது கோடு வரைக்கும் இழுத்தாள். பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். இரண்டிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் நின்றது. அனந்தமதி கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்றாள்.

"உயரத்தப் பாக்காதீங்க. கொழாயோட பருமனப் பாருங்க."

ஆரஞ்சு மூடி ஊசியின் குழாய் ஒல்லி. சிவப்பு மூடியின் குழாய் பருமன்.

சுதர்சனா இரண்டையும் எவர்சில்வர் தட்டில் தனித்தனியே பீய்ச்சினாள். ஆரஞ்சு ஊசியிலிருந்து கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துளி விழுந்தது. சிவப்பு ஊசியிலிருந்து விழுந்தது நல்ல குண்டுத் துளி. விளக்கொளியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மின்னின. யாரும் அளந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அனந்தமதியின் கை தானாக வாயை மூடிக்கொண்டது.

ஒரே இரண்டு எப்படி இரு வேறு அளவாகிறது என்று மருத்துவரிடம் கேட்டறிந்ததை சுதர்சனா நிதானமாகச் சொன்னாள். ஊசியில் உள்ள கோடு தண்ணீரை அளப்பதில்லை, மருந்தின் வீரியத்தை அளக்கிறது. கெட்டி மோர் ஒரு டம்ளர், நீர்மோர் ஒரு டம்ளர். டம்ளர் ஒன்றுதான், உள்ளே இருக்கிற தயிர் ஒன்றா? மாமாவின் மருந்து நீர்மோர். ஒரு மில்லியில் நாற்பது யூனிட்தான் இருக்கிறது. அதனால் அவருடைய ஊசியில் ஒரு மில்லியை நாற்பது பங்காகக் கோடு போட்டிருக்கிறார்கள். பூந்தியின் மருந்து கெட்டி மோர். அதே ஒரு மில்லியில் நூறு யூனிட். அதற்கான ஊசியில் ஒரு மில்லிக்கு நூறு பங்கு என்ற கணக்கில் கோடு. நாற்பதுக்குப் போட்ட கோட்டில் நூறு மருந்தை இரண்டு என்று இழுத்தால், உள்ளே போவது இரண்டு இல்லை, ஐந்து.

"அஞ்சா?" என்றாள் அனந்தமதி. மடியில் படுத்திருந்த பூனையை இறுக்கிக்கொண்டாள்.

கணக்குப் போட்டுச் சிவப்பு ஊசியிலேயே குறைத்து எடுத்தால் என்ன என்று ஜினசேனன் கேட்டார். பல வருடம் வியாபாரம் செய்தவருக்கு வருகிற யோசனைதான். சுதர்சனா வேண்டாம் என்று தலையாட்டினாள். கணக்கு வரும், கண்ணுக்கு வராது. இரண்டு யூனிட் வேண்டுமென்றால் சிவப்பு ஊசியில் முதல் கோட்டுக்கும் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். அங்கே கோடே கிடையாது. ஒரு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் இந்த உடம்பு தாங்காது. ஒல்லிக் குழாய் ஊசியை மருத்துவர் கொடுத்ததே அதற்குத்தான். கொஞ்சமான மருந்தும் அதில் உயரமாக நிற்கும், கோட்டில் நிறுத்த முடியும். முனை நீளம் என்று பயப்பட வேண்டாம், தோலைத் தூக்கிப் பிடித்துப் போடுவதால் அது தசைக்குள் போவதில்லை.

"நான் போன வாரம் ஒண்ணு சொன்னேனே அத்தை," என்றாள் தட்டைப் பார்த்தபடி. "அது தப்பு."

"நீ பசின்னு பயந்த. நான் வலின்னு பயந்தேன்." அனந்தமதி பூனையின் காதைத் தடவினாள். "ரெண்டு பேரும் அதுக்காகத்தானே பயந்தோம்."

சுதர்சனா இரண்டு ஊசிகளையும் எறிவதற்காக எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே போட்டவற்றில் ஆரஞ்சு மூடிகள் நிறைய இருந்தன. அவள் காலையில் மட்டும் போடுகிறவள். அவள் போட்டதற்கு மேல் எப்படி இத்தனை?

அவளுக்கு விடை தெரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூனைக்குப் போய்க்கொண்டிருந்ததால் மாமாவின் சிவப்புப் பெட்டி சீக்கிரம் தீர்ந்துகொண்டு வந்திருக்கும். குறைகிறதே என்று அவர் என்ன செய்திருப்பார்? ஊசின்னா ஊசிதானே.

நீர்மோரை ஒல்லிக் குழாயில் அளந்தால் மருந்து அதிகமாகாது, குறையும். பாதிகூடப் போயிருக்காது.

"மாமா, காலையில நீங்களேதான போட்டுக்கிறீங்க? எந்த ஊசியில?"

ஜினசேனன் சிரிக்கப் பார்த்தார். "கைக்கு ஆப்புட்டதுல. அதுக்கு இன்னா இப்போ?"

சொல்லிக்கொண்டே வலது காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்தார். வேட்டி நுனி விலகியபோது கட்டைவிரலில் சுற்றியிருந்த துணி தெரிந்தது. துணியில் மஞ்சளாகக் கசிந்து காய்ந்திருந்தது. அனந்தமதியும் அதை அப்போதுதான் பார்த்தாள்.

"இது எத்தினி நாளா?" என்றாள்.

அவர் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.

காலையில் திண்டிவனத்துக்குப் போகிற ஆட்டோவில் பூனை மட்டும் போகாது என்பது மூவருக்கும் தெரிந்தது.

சுதர்சனா எழுந்து இரண்டு டப்பாக்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றில் பால் நிற மருந்தையும் சிவப்பு மூடி ஊசிகளையும் வைத்தாள். இன்னொன்றில் தெளிந்த மருந்தையும் ஆரஞ்சு மூடி ஊசிகளையும் வைத்தாள். முதலாவதை ஃப்ரிட்ஜின் மேல் தட்டிலும் இரண்டாவதைக் கீழ்த் தட்டிலும் வைத்துக் கதவைச் சாத்தினாள். அனந்தமதி கதவைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, குப்பியில் அச்சடித்த எண்ணையும் ஊசியில் அச்சடித்த எண்ணையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

நாற்பது மருந்துக்கு நாற்பது ஊசி, சிவப்பு மூடி. நூறு மருந்துக்கு நூறு ஊசி, ஆரஞ்சு மூடி. குப்பியில் இருக்கும் எண்ணும் ஊசியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே போட வேண்டும்.